போதை மீட்பு வேலைக்கு எந்தப் பயிற்சி? ஒரு பெயிண்டரை வைத்துப் பார்க்கலாம்

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். விழுப்புரத்தில் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த பெண் ஒருத்தி, "அக்கா, டீ-அடிக்‌ஷன்ல கவுன்சலரா போகணும்னா அடுத்து என்ன படிக்கணும்?" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். ஆறு வருடமாகக் குடிக்காமல் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை, அவர் சிகிச்சை எடுத்த மையத்திலேயே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "ஆனா சர்ட்டிபிகேட் கேக்குறாங்க மேடம்" என்றார். மூன்றாவது ஆள், ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ். அவருக்கு வேலை இருக்கிறது. குடிநோயாளி வந்து படுத்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் குறை.

மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. நான் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம், படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள், பதினேழு வருடம் ஆகிறது. அதனால் நான் சொல்வதில் என் படிப்பின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது நம் ஊர் ஆட்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. பட்ட மேற்படிப்பு: எம்.எஸ்.டபிள்யூ.விலோ எம்.எஸ்சி. சைக்காலஜியிலோ சேர்ந்து அதற்கு மேலும் போவது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சி: மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் அதோடு இணைந்த மையங்களும் நடத்துவது. 'கொழும்புத் திட்டம்' என்ற பன்னாட்டு அமைப்பு போதை சிகிச்சைக்கென்று தந்திருக்கும் பாடத்திட்டத்தைப் படித்து 'ஐகேப்' என்ற சர்வதேசத் தேர்வு எழுதுவது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்கள் இணையம் வழியாகத் தரும் பயிற்சி. கடைசியாக, குடியிலிருந்து மீண்டவர் ஒரு மையத்தில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொள்வது.

எது மலிவு, எதற்கு எத்தனை மாதம் என்று கட்டம் போட்டு ஒப்பிடலாம். அப்படி ஒரு தாளை நானே ஒருமுறை தயார் செய்தேன், ஒருவருக்கும் பயன்படவில்லை. அதனால் வேறு மாதிரி பார்க்கலாம். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவர் உண்மையான ஒரு தனி ஆள் இல்லை, நான் பார்த்த பலரைச் சேர்த்துச் செய்தவர். வயது 41, பில்டிங் பெயிண்டர். குவார்ட்டரில் ஆரம்பித்து இப்போது காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிற நிலை. மச்சான்தான் ஆட்டோவில் கூட்டிவந்து சேர்த்திருக்கிறார். இந்த மனிதரோடு நமக்கு நான்கு முக்கியமான கட்டங்கள் வரும். எந்தப் பயிற்சி எந்தக் கட்டத்தில் கைகொடுக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

மூன்றாம் நாள் இரவு

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கு மேல், நான்காம் நாள் வரைக்குள், சிலருக்கு 'டெலிரியம்' வரும். ஆளுக்கு நாளும் இடமும் குழம்பும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருப்பார். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். நம் பெயிண்டர் மூன்றாம் நாள் இரவு எழுந்து, வார்டுச் சுவரில் பெயிண்ட் உரிகிறது என்று நகத்தால் சுரண்ட ஆரம்பிக்கிறார்.

என் முதல் வருடத்தில் இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டு கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினேன். இரவு டியூட்டி சிஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் பிழைத்ததற்கு என் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு எந்த விதத்திலும் காரணமில்லை.

இந்தக் கட்டத்துக்குப் பட்டப்படிப்பு பெரும்பாலும் தயார் செய்வதில்லை என்பது என் அனுபவம். சமூகப்பணிப் படிப்பில் போதை என்பது ஒரு தாளில் ஓர் அத்தியாயமாக வந்துபோகும். இங்கே பலமானது கொழும்புத் திட்டத்தின் பாடத்திட்டம். அதன் அடிப்படை நிலை எட்டுப் பகுதிகள் கொண்டது. போதைப்பொருள் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் முதல் பகுதி. அப்புறம் சிகிச்சையின் தொடர்ச்சி, கூடவே வரும் மனநோய்களும் உடல்நோய்களும், அடிப்படை கவுன்சலிங் திறன்கள், சேர்க்கையின்போது செய்ய வேண்டிய மதிப்பீடும் பதிவும், கேஸ் மேனேஜ்மென்ட், நெருக்கடி நேரத் தலையீடு, தொழில் அறம் என்று போகும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம் என்பது மாதிரி விஷயங்களில் மருந்து கொடுப்பது கவுன்சலரின் வேலை கிடையாது. ஆனால் டாக்டரை எப்போது எழுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பது அவருடைய வேலைதான்.

நர்ஸுக்கு இந்தக் கட்டம் கைவந்த கலை. கொஞ்சம் வழிகாட்டினால் போதும், கவுன்சலர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார். டெல்லி எய்ம்ஸின் கீழ் காசியாபாத்தில் இயங்கும் தேசியப் போதை சிகிச்சை மையம் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் என்றே பயிற்சி நடத்துகிறது, கையேடுகளும் தந்திருக்கிறது. குடித்து மீண்டவருக்கோ இந்த இரவு சொந்த அனுபவம். அது பலமும்கூட, ஆபத்தும்கூட. "எல்லாரும் இதத் தாண்டித்தான் வந்தோம், விடியட்டும்" என்று அவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடக்கூடும். அந்த நேரத்தில் தேவைப்படுவது டாக்டருக்கு ஒரு போன்.

ஏழாம் நாள்: "நான் என்ன குடிகாரனா?"

நடுக்கம் நின்றுவிட்டது. இட்லி இறங்குகிறது. பெயிண்டர் இப்போது கவுன்சலர் முன்னால் உட்கார்ந்து, "மேடம், தின்னர் வாசத்துல நாள் பூரா நிக்கிறோம், உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் போடுறது தப்பா?" என்கிறார்.

இந்த இடத்தில் புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு வாதாடுவது. கல்லீரல் படத்தைக் காட்டுவது, பிள்ளைகள் பெயரைச் சொல்லி அழவைப்பது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் முதலில் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்நிக்கோடு சேர்ந்து வளர்த்த 'மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்' என்ற முறை இதற்கு நேர் எதிரானது. மாற வேண்டியதற்கான காரணத்தை நோயாளியே தன் வாயால் சொல்லும்படி கேள்வி கேட்பதும், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவதும்தான் அதன் அடிப்படை. கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், மூன்றாவது நிமிடத்தில் அறிவுரை வாய்வரை வந்துவிடும்.

இதைக் கற்றுத்தராத பயிற்சியே இன்று கிடையாது, இரண்டு நாள் பட்டறையிலும் இருக்கும், இரண்டு வருடப் படிப்பிலும் இருக்கும். ஆனால் இந்த முறையை உருவாக்கிய மில்லரே சக ஆய்வாளர்களோடு தன் பட்டறையைச் சோதித்துப் பார்த்தார், அந்த முடிவை ஒவ்வொரு பயிற்சி அறையிலும் எழுதி ஒட்டலாம். 2001-ல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றில் 22 பேருக்கு இரண்டு நாள் பட்டறை நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் தாங்கள் நிறைய மாறிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டபோது மாற்றம் கொஞ்சம்தான் இருந்தது, எதிரே உட்கார்ந்தவர்கள் பேசிய விதமோ மாறவே இல்லை. 2004-ல் 140 பேரைக் குழுக்களாகப் பிரித்து மறுபடி பார்த்தார்கள். பட்டறையோடு விட்டவர்களுக்குக் கற்றது மாதங்களில் தேய்ந்துபோனது. பட்டறைக்குப் பிறகு அவர்களுடைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொன்னபோதோ, போனில் வழிகாட்டியபோதோ திறமை நின்றது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்த குழுவில் மட்டும்தான் நோயாளிகளின் பேச்சிலும் வித்தியாசம் தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வலித்தது. நான் போன முதல் பட்டறையில் மதியச் சாப்பாடும் சான்றிதழும் நன்றாக இருந்தன. அடுத்த திங்கட்கிழமை வார்டுக்கு வந்து அதே பழைய மாதிரி வாதாடினேன். நான் உண்மையில் கற்றுக்கொண்டது மூன்று வருடம் கழித்து, மூத்த கவுன்சலர் ஒருவர் என் பேட்டியை டேப்பில் கேட்டுவிட்டு, "இருபது நிமிஷத்துல நீங்க பதினாலு நிமிஷம் பேசியிருக்கீங்க" என்று சொன்ன அன்றுதான்.

அதனால் பயிற்சிகளை ஒப்பிடும்போது நான் பார்க்கும் முதல் விஷயம், முடிந்த பிறகு யாராவது என் வேலையைப் பார்ப்பார்களா என்பது. கொழும்புத் திட்டப் பாடங்களில் ரோல் ப்ளே நிறைய உண்டு, வகுப்பு விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் ஊருக்குப் போய்விடுவார். ஐகேப் தேர்வு என்பது விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் எழுத்துத் தேர்வு, நீங்கள் பெயிண்டரிடம் பேசியதை அது கேட்பதில்லை. எம்.எஸ்.டபிள்யூ.வில் வாரத்தில் இரண்டு நாள் களப்பணியும் அதற்கு ஒரு மேற்பார்வையாளரும் உண்டு. நல்ல கல்லூரியாக இருந்தால் இந்த இடத்தில் அது மற்றதையெல்லாம் முந்திவிடும். மோசமான கல்லூரியாக இருந்தால் களப்பணி என்பது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி.

நிம்ஹான்ஸின் இணையப் பயிற்சியையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் மதிப்பு கூடுகிறது. அது 'எக்கோ' என்ற முறையில் நடக்கிறது. சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய முறை அது. பாடம் கொஞ்சம், மீதி நேரம் கேஸ்தான். கடலூரில் இருக்கிற நீங்கள் உங்கள் நோயாளியின் கதையைப் பெயர் சொல்லாமல் முன்வைப்பீர்கள், பெங்களூரிலிருக்கும் நிபுணர்களும் மற்ற ஊர்க்காரர்களும் கேள்வி கேட்பார்கள். தொடர்ந்து வாரா வாரம் நடக்கும். ஏற்கெனவே நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட லாபமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கையில் நோயாளியே இல்லாத மாணவிக்கு மட்டும் இது நீச்சல் குளத்தை டிவியில் பார்ப்பது மாதிரிதான்.

இருபதாம் நாள்: மனைவி வருகிறார்

பெயிண்டரின் மனைவி தனியாகப் பேச வேண்டும் என்கிறார். மகளிர் குழுக் கடன் இரண்டு தவணை பாக்கி, பெரியவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டவில்லை. அடி வாங்கிய தழும்பு முழங்கையில் தெரிகிறது. கிளம்பும்போது, "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே மேடம்?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

அவர் கேட்பது டைசல்பிராம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. இந்தக் கேள்வி என்னிடம் மாதம் ஒரு தடவையாவது வருகிறது. இதற்கு 'கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்புகிற கவுன்சலர் அந்த அம்மாவை இழந்துவிடுவார். அடுத்த வாரம் விளம்பரத்தில் வந்த ஏதோ ஒரு பொடி சாம்பாரில் விழும்.

கடன், பள்ளிக்கூடம், அடி, மாமியார் வீடு என்று எல்லாம் சேர்ந்து வரும் இந்த இடத்தில் சமூகப்பணி படித்தவர்களுக்குக் கை தானாக நகரும். யாரைப் பார்க்க வேண்டும், எந்த அலுவலகத்தில் என்ன மனு கொடுக்க வேண்டும், குடும்பத்தை எப்படி உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் அந்தப் படிப்பின் சாரம். சென்னையில் 1952-லிருந்து இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, திருச்சி பிஷப் ஹீபர் என்று தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பாரம்பரியம் உண்டு. சைக்காலஜி படித்தவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெயிண்டரிடம் குடிக்கு அடியில் மனச்சோர்வு இருக்கிறதா, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் எங்களைவிடக் கூர்மையானவர்கள். அரசுப் பணத்தில் நடக்கும் குறுகிய பயிற்சிகளிலும் குடும்பத்துக்கென்று ஒரு பகுதி உண்டு, ஒரு மதியம் நடக்கும். அவ்வளவுதான்.

இந்தியாவில் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் சென்னைக்குப் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த பிறகு 1980-ல் தொடங்கியதுதான் டிடிகே மருத்துவமனையை நடத்தும் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. மனைவிக்கும் தனியாக சிகிச்சை தேவை என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே பாடம். மத்திய அரசின் திட்டத்தில் தென்மண்டலப் பயிற்சி மையமாக அது வெகுகாலம் இருந்தது. நம் பக்கத்து மையங்களில் இன்று மூத்தவர்களாக இருக்கும் பலர் அங்கே பயிற்சி எடுத்தவர்கள்தான். 'குடிகாரன்' என்று எழுதாமல் 'குடிநோயாளி' என்று எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படி ஒருவர்.

நான்காம் மாதம், இரவு 11 மணி

வீட்டுக்குப் போய் மூன்றரை மாதம் குடிக்காமல் இருந்தார். தீபாவளிக்கு மறுநாள் சரிந்துவிட்டது. இரவு 11 மணிக்கு போன் வருகிறது. அந்த போன் கவுன்சலருக்கு வருவதில்லை. மையத்தில் வேலை பார்க்கும், எட்டு வருடம் முன்னால் அதே மாதிரி தீபாவளிக்குச் சரிந்த ஒருவருக்கு வருகிறது. ஏனென்றால் அவரிடம் வெட்கப்பட வேண்டியதில்லை.

மீண்டவர்கள் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்வது புதிதில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துத் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1950-களில் மினசோட்டாவில் மருத்துவர், உளவியலாளர் கூடவே மீண்டவர்களையும் கவுன்சலராக அமர்த்தினார்கள். நம் ஊர் மறுவாழ்வு மையங்களில் காலை தியானத்திலிருந்து குழுப் பேச்சுவரை இருக்கும் கால அட்டவணை அங்கிருந்து வந்ததுதான். மத்திய அரசு நிதி தரும் மையங்களிலும் மீண்டவர்களுக்கென்றே 'பியர் எஜுகேட்டர்' என்ற பணியிடம் உண்டு.

ஆனால் ஏஏ தனக்கு வகுத்துக்கொண்ட நெறிகளில் ஒன்றான எட்டாவது மரபு, தங்கள் அமைப்பு எப்போதும் தொழில்முறை சாராததாகவே இருக்கும் என்கிறது. ஏஏ மீட்டிங்கில் புதியவருக்குத் துணையாக நிற்கும் 'ஸ்பான்சராக' இருப்பதற்குச் சம்பளம் கிடையாது, அது சொந்த மீட்சிக்காகச் செய்வது. மையத்தில் கவுன்சலராக இருப்பது வேலை. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் குழம்பும்போதுதான் விபத்து நடக்கிறது. நோயாளியிடம் கைமாற்று வாங்குவது, தனக்குப் பலித்த வழி எல்லோருக்கும் பலிக்கும் என்று நினைப்பது, மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்து "இதுவும் ஒரு போதைதானே" என்று நிறுத்தச் சொல்வது. கடைசியாகச் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கஞ்சாவோடு மனச்சிதைவும் இருந்த பையன் அவன். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரத்தில் மறுபடி வார்டுக்கு வந்தான். சொன்னவர் கெட்டவர் இல்லை, பயிற்சி இல்லாதவர்.

இதற்காகவே நான் மீண்டவர்களுக்குக் கொழும்புத் திட்டப் பாடங்களை முதலில் சொல்வேன், அதிலும் அறம் பற்றிய எட்டாவது பகுதியையும் கூடவே வரும் நோய்கள் பற்றிய மூன்றாவது பகுதியையும். டிகிரி இல்லாதவர்களும் படிக்கலாம் என்பது அதன் பெரிய நல்ல குணம். கொழும்புத் திட்டம் என்பது ஆசிய, பசிபிக் நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பு, தலைமையகம் கொழும்பில். அதன் போதைத் தடுப்புப் பிரிவு 1973-லிருந்து இருக்கிறது. பாடத்திட்டம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியில் உருவானது. அதனால் உதாரணங்கள் சில இடங்களில் நமக்கு ஒட்டாமல் நிற்கும். நல்ல பயிற்சியாளர் அதை டாஸ்மாக் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

பட்டம் இல்லாதவர்களால் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு கோவாவைக் காட்டலாம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகம் குடிக்கும் ஆண்களோடு நான்கு தடவைக்குள் பேச வைத்தார்கள். 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் அவர்களிடம் பேசியவர்களில் 36 சதவீதம் பேரும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேரும் பிரச்சினையான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. அவர்கள் சந்தித்தது குடிக்கு முழுதாக அடிமையாகாதவர்களை, அதாவது நம் பெயிண்டருக்கு ஐந்து வருடம் முந்தைய நிலையில் இருந்தவர்களை. இன்னொன்று, அந்தப் பேச்சாளர்கள் தங்கள் ஒலிப்பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். மறுபடியும் அந்த டேப்தான்.

காசு, காலம், சட்டம்

எந்த மையத்திலும் பொறுப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்றால் பட்டம் இல்லாமல் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற முடியாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளர் என்று யாரைச் சொல்லலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. முதுநிலைப் பட்டத்துக்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.பில்., அதற்குள் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி. சட்டமே மேற்பார்வையைக் கேட்கிறது, பாருங்கள்.

இப்போது எம்.பில். சிக்கலில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, இந்த இரண்டு துறைகளுக்கு மட்டும் காலநீட்டிப்பு கொடுத்தது. சேரும் முன் அந்தப் படிப்புக்கு இந்த வருடத்துக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கிளினிக்கல் சைக்காலஜி என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பட்டியலிலும். கல்லூரி அலுவலகம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

செலவு விஷயத்தில் அரசுக் குறுகிய பயிற்சிகளுக்கு ஈடில்லை, கட்டணம் இருக்காது. ஆனால் பெரும்பாலும் மையத்தில் வேலை பார்ப்பவர்களைத்தான் மையத்தின் வழியாகக் கூப்பிடுவார்கள். ஐகேப் தேர்வில் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப நிலைகள் உண்டு, கட்டணம் கட்டுவதற்கு முன்னால் எந்த நிலைக்கு உங்களுக்குத் தகுதி என்று பாருங்கள். வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அது நிச்சயம் பேசும். உள்ளூர் மையத்தில் சம்பளம் அதனால் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஆறு மாத, மூன்று மாத 'டிப்ளமோ இன் அடிக்‌ஷன் கவுன்சலிங்' என்று தனியார் விளம்பரங்கள் வருகின்றன. சிலது பரவாயில்லை. பலதில் வார்டையே பார்க்காமல் சான்றிதழ் கிடைத்துவிடும். 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 5.7 கோடிப் பேர், அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஆள் பற்றாக்குறை அந்த அளவுக்கு இருக்கும்போது சான்றிதழ் வியாபாரம் நடக்கத்தான் செய்யும். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் நோயாளியோட பேசுறத எத்தனை தடவை, யார் பார்ப்பாங்க?" பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம்.

சரி, மூவருக்கும் நான் சொன்னது

விழுப்புரத்துப் பெண்ணிடம், எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலப் பிரிவில் சேரு என்றேன். சேரும் முன் அந்தக் கல்லூரியின் இரண்டாம் வருட மாணவி ஒருத்தியைப் பிடித்து, களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், வாரம் எத்தனை மணி நேரம் மேற்பார்வையாளர் உட்கார்ந்து பேசுகிறார் என்று கேட்கச் சொன்னேன். விடுமுறையில் கொழும்புத் திட்டத்தின் முதல் பகுதியை மட்டுமாவது படித்துவிடச் சொன்னேன். நான் கேஸ் ஷீட்டில் எழுதியதை அவள் எழுதக் கூடாது. சைக்காலஜியிலேயே மேலே போக வேண்டுமா என்று கேட்டாள். நோயைக் கண்டறிவதில் ஆர்வம் இருந்தால் போ, குடும்பத்தோடும் தெருவோடும் வேலை செய்வதில் ஆர்வம் இருந்தால் இங்கே வா என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்னும் பதில் போடவில்லை, நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நர்ஸிடம், வேலையை விட்டுவிட்டு எங்கேயும் போக வேண்டாம் என்றேன். நிம்ஹான்ஸின் வாராந்தர இணைய வகுப்பில் சேருங்கள், காசியாபாத் மையத்தின் கையேட்டை டியூட்டி அறையில் வையுங்கள், மனநல டாக்டரிடம் பேசி வித்ட்ராயலை, அதாவது குடியை நிறுத்தியதும் வரும் உபாதைகளை, அளக்கும் மதிப்பெண் தாள் ஒன்றை வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். "அதுக்கே ஒரு வருஷம் ஆகும்" என்றார் சிஸ்டர். ஆகட்டும்.

ஆட்டோ அண்ணனிடம்தான் அதிக நேரம் பேசினேன். வேலையை ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் வருடம் பியர் எஜுகேட்டராக மட்டும் இருங்கள், கவுன்சலர் என்று பெயர்ப் பலகை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். மையத்தின் வழியாக அரசுப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன், அப்புறம் கொழும்புத் திட்டப் பாடங்கள். உங்கள் சொந்த ஏஏ மீட்டிங்கை வேலை பார்க்கும் இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், வேறு ஏரியாவுக்குப் போங்கள், அங்கே நீங்கள் ஸ்டாஃப் இல்லை என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பேசுறத யாரு மேடம் கேட்டுத் திருத்துவாங்க? எங்க சென்டர்ல டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றாரு" என்றார்.

இந்தக் கட்டுரையைப் படிக்காமலே சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நோயாளியின் சம்மதம் வாங்கிப் பதிவு செய்த ஒரு பேட்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.